பைன்ஃபோனில் கடிகாரமும் அழைப்பொலியும்: ஒரு சென்னைவாசியின் மதிப்பீடு

திறன்பேசியை மதிப்பிட முனைபவர்கள் வழக்கமாகக் கேமராவில் தொடங்கி, திரையின் நிறங்களைப் பார்த்து, விளையாட்டுகள் தடையின்றி ஓடுகின்றனவா என்ற சோதனையில் முடிப்பார்கள். பைன்ஃபோனை அந்த வரிசையில் எடைபோட்டால் கட்டுரை மூன்று வரியில் முடிந்துவிடும். மூன்றிலும் அது பின்தங்கியே நிற்கும். இந்தக் கைபேசியின் குணமும் குறையும் ஒருசேரத் தெரிவது, மற்ற கைபேசிகளில் நாம் திரும்பியே பார்க்காத இரண்டு இடங்களில்தான்: அது சரியான நேரம் காட்டுகிறதா, அழைப்பு வந்தால் காதில் விழும்படி ஒலிக்கிறதா. ஆகவே இந்த மதிப்பீட்டில் அவ்விரண்டைப் பற்றி மட்டுமே விரிவாக எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பைன்ஃபோன் என்பது பைன்64 என்ற நிறுவனம் வெளியிட்ட, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கைபேசி. அதன் முதல் தொகுதி 2020 ஜனவரியில் அனுப்பப்பட்டது. 5.95 அங்குலத் திரை, ஆல்வின்னர் ஏ64 பிராசஸர், மொபைல் வலையமைப்போடு பேசும் குவெக்டெல் இஜி25-ஜி மோடம் ஆகியவை அதன் உறுப்புகள். 2 ஜிபி நினைவகம் கொண்ட வகை 149.99 டாலருக்கும், 3 ஜிபி கொண்ட வகை 199.99 டாலருக்கும் விற்கப்பட்டன. பின்மூடியைக் கழற்றினால் பேட்டரியையும் கையால் எடுத்துவிடலாம். அதன் அருகே மோடம், வைஃபை, மைக், கேமராக்கள் முதலியவற்றின் மின் இணைப்பையே துண்டிக்கும் ஆறு சின்னஞ்சிறு சுவிட்சுகள் இருக்கின்றன. இதில் எந்த லினக்ஸ் பதிப்பை நிறுவுவது என்பது உரிமையாளரின் விருப்பம். நான் பயன்படுத்துவது டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட மோபியான். திரையில் தெரியும் இடைமுகம் ஃபாஷ். பியூரிசம் நிறுவனத்தின் லிப்ரெம் 5 கைபேசிக்காகத் தொடங்கப்பட்ட அந்த இடைமுகம் இன்று பல கைபேசிகளில் ஓடுகிறது.

முதலில் கடிகாரம். இந்தக் கைபேசியில் நேரம் தவறுவதற்கு ஒரே காரணம் என்று எதுவும் கிடையாது. ஆனால் எவ்வளவு தவறியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே எங்கே கோளாறு என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் ஒரு காரணம், ஐந்தரை மணி நேரம் முந்தியிருந்தால் வேறொன்று, சில நொடிகளோ நிமிடங்களோ என்றால் மற்றொன்று, ஆண்டே மாறியிருந்தால் இன்னொன்று. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து 'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளையைக் கொடுத்தால் ஏழு வரிகள் வரும்: உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம் (யுடிசி; நம் நேரம் இதைவிட ஐந்தரை மணி கூடுதல்), வன்பொருள் கடிகாரத்தின் (கைபேசி அணைந்திருக்கும்போதும் ஓடும் கடிகாரத்தின்) நேரம், நேர வலயம், இணைய நேரத்தோடு ஒத்திசைவு நடந்துள்ளதா, அந்தச் சேவை ஓடுகிறதா, வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் வைக்கப்பட்டுள்ளதா. வேறெந்தக் கைபேசியிலும் இந்த ஏழு செய்திகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஆண்ட்ராய்டிலோ ஐஃபோனிலோ நேரம் தவறினால் 'தானாக அமை' என்ற பொத்தானை அணைத்துப் போடுவதைத் தாண்டி நமக்குக் காட்டப்படுவது மிகக் குறைவு.

ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் கடிகாரம் சரியாகவே ஓடுகிறது என்று பொருள். நேர வலயம் மட்டும் அமைக்கப்படவில்லை. லினக்ஸ் தனக்குள்ளே எப்போதும் உலகப் பொது நேரத்தையே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் நேர வலயத்துக்குரிய வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுகிறது. புதிதாக நிறுவிய பதிப்பில் வலயம் பொது நேரமாகவே விடப்பட்டிருந்தால், மாலை ஆறு மணிக்குக் கைபேசி பகல் பன்னிரண்டரை என்று சொல்லும். அமைப்புகளில் தேதி, நேரம் என்ற பகுதிக்குச் சென்று வலயத்தை மாற்றினால் வேலை முடிந்தது. 'நேர வலயத்தைத் தானாக அமை' என்ற வசதியை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம் என்பது என் பரிந்துரை. அது கைபேசி இருக்கும் இடத்தைக் கண்டறியும் சேவையைச் சார்ந்தது. லினக்ஸ் கணினிகள் நீண்டகாலம் நம்பியிருந்த மொசில்லாவின் இடமறியும் சேவை 2024-இல் நிறுத்தப்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருக்கும் நமக்கு அந்த வசதி இல்லாததால் இழப்பு ஏதுமில்லை. ஒருமுறை கையால் அமைத்தால் போதும், கோடைகாலத்துக்கென்று கடிகாரத்தைத் திருப்பும் வழக்கமும் இங்கு இல்லை.

உலகக் கணினிகள் அனைத்தும் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் இந்தியாவுக்கு உரிய பதிவு 'ஆசியா/கொல்கத்தா' என்பது ஒன்றே. சென்னைக்காரர்கள் அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை, ஏனெனில் அந்தக் கொல்கத்தாக் கோப்புக்குள் நம் ஊர் ஒளிந்திருக்கிறது. 1870 முதல் 1905-ஆம் ஆண்டின் இறுதி வரையிலான காலத்துக்கு அந்தக் கோப்பு தருவது மெட்ராஸ் நேரம்: பொது நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி கூடுதல். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையிலிருந்து கணக்கிட்ட நேரம் அது. இன்றைய வானிலை ஆய்வு மையம் அதே வளாகத்தில்தான் இயங்குகிறது. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. பைன்ஃபோனின் டெர்மினலில் 1900-ஆம் ஆண்டின் ஏதாவது ஒரு தேதியை வேறுபாட்டுடன் காட்டச் சொன்னால், ஐந்தரைக்குப் பதிலாக அந்தப் பழைய 5:21:10 வந்து நிற்பதைக் காணலாம். இதனால் அன்றாட வாழ்வில் ஒரு காசு பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் நுங்கம்பாக்கத்தின் வழியே பேருந்தில் போகும்போது அந்த 8 நிமிடம் 50 நொடி வேறுபாட்டை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

ஐந்தரை மணி நேரம் முந்திக் காட்டுவது மெமரி கார்டிலிருந்து வேறொரு லினக்ஸ் பதிப்பைச் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு நேரக்கூடிய சிக்கல். பைன்ஃபோனில் மெமரி கார்டைச் செருகினால் அதிலுள்ள இயங்குதளம்தான் முதலில் எழும். பரிசோதனை செய்ய இது பெரிய வசதி. ஆனால் இரண்டு இயங்குதளங்களுக்கும் வன்பொருள் கடிகாரம் ஒன்றுதான். ஒன்று அதில் உள்ளூர் நேரத்தை எழுதிவைத்து, மற்றது அதைப் பொது நேரம் என்று நினைத்துப் படித்தால், ஐந்தரை மணி நேரம் இரண்டாவது முறையாகக் கூட்டப்படும். மேலே சொன்ன ஏழு வரிகளில் கடைசி வரி 'இல்லை' என்று இருக்க வேண்டும். இரண்டு பதிப்புகளிலும் அப்படி இருந்தால் இந்தத் தொல்லை எழாது.

தேதியே தவறியிருந்தால் பேட்டரியை நினைக்க வேண்டும். மேசைக் கணினிகளில் இருப்பதுபோல் கடிகாரத்துக்கென்று தனியான பொத்தான் பேட்டரி இந்தக் கைபேசியில் கிடையாது. ஆகவே பேட்டரியைக் கழற்றினாலோ, முற்றிலும் வடிய விட்டாலோ, வன்பொருள் கடிகாரம் தன் கணக்கை மறந்துவிடுகிறது. லினக்ஸின் காலக்கணக்கு 1970 ஜனவரி 1-இல் தொடங்குவதால், சுழியிலிருந்து எழும் கைபேசி இந்திய வலயத்தில் அன்றைய காலை 5:30 மணியைக் காட்டும். மோபியான் போன்ற பதிப்புகளில் நேர ஒத்திசைவுச் சேவை கடைசியாக அறிந்த நேரத்தை ஒரு கோப்பில் குறித்துவைக்கிறது. அதனால் 1970-க்குப் போகாமல், அணைந்த நேரத்துக்கு அருகிலிருந்து மீண்டும் தொடங்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. தேதி வெகுவாகப் பின்தங்கியிருந்தால் உலாவி எந்தத் தளத்தையும் திறக்காமல் சான்றிதழ் செல்லாது என்று சொல்லும், ஏனெனில் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் கைபேசியின் கணக்குப்படி இன்னும் வழங்கப்படவே இல்லை. இணையம் பழுது என்று நினைத்து வைஃபை ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு முன் திரையின் மேலே தெரியும் நேரத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆண்டு பின்னே போவதற்குப் பதிலாக முன்னே பாய்ந்து, அடுத்த நூற்றாண்டில் போய் நின்றால் அதற்குத் தனிக் கதை இருக்கிறது. ஏ64 சிப்பின் உள்ளே நேரத் துடிப்புகளை எண்ணும் கவுண்டர் சில வேளைகளில் நிலையற்ற மதிப்பைத் தருகிறது. நேரம் துளியளவு பின்னே போனதுபோல் தோன்ற, கவுண்டர் முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டதாக இயங்குதளம் கருதிக்கொள்கிறது. 24 மெகாஹெர்ட்சில் ஓடும் 56 பிட் கவுண்டர் ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 95 ஆண்டுகள் ஆகும். ஆகவே தேதி 95 ஆண்டுகளோ அதன் மடங்கோ முன்னே குதித்துவிடும். இதைச் சமாளிக்கும் திருத்தம் 2019-இல் வெளியான லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.1 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. இன்றைய பதிப்புகளை நிறுவுபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மிகப் பழைய கெர்னலை எங்கிருந்தோ எடுத்து நிறுவுபவர்களுக்கு மட்டும்தான் இந்த எச்சரிக்கை. சிப்பின் பிழை எது, அதைத் திருத்தியவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எல்லாம் கெர்னலின் வரலாற்றில் எவரும் படிக்கும்படி எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. திறமூலம் என்ற சொல்லுக்கு இந்தக் கைபேசியில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம் இதுதான்.

சில நொடிகள், சில நிமிடங்கள் என்ற அளவிலான பிழை சாதாரணமானது. கடிகாரங்களில் உள்ள படிகத்தின் துல்லியம் பத்து லட்சத்தில் 20 பங்கு என்று கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.7 நொடி நழுவும். இணைய நேரச் சேவையோடு ஒத்திசைந்தால் அது தானாகச் சரியாகிவிடும். ஒத்திசைவு நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கைபேசி அல்ல, நாம் இணைந்திருக்கும் வலையமைப்பு. இந்தச் சேவை யுடிபி 123 என்ற இணைய வாயிலைப் (போர்ட்) பயன்படுத்துகிறது. அலுவலகங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் அந்த வாயிலை அடைத்துவைப்பது உண்டு. மொபைல் டேட்டாவுக்கு மாறிச் சிறிது நேரம் காத்திருந்தால் உண்மை தெரிந்துவிடும். இயல்பாக அமைந்திருக்கும் சேவையகங்களை மாற்ற விரும்புபவர்களுக்கு, இந்திய நேரத்தைப் பேணும் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும், தேசியத் தகவலியல் மையமும் நேரச் சேவையகங்களை நடத்துகின்றன. இந்நாட்டு நிறுவனங்கள் தம் கணினிகளை அவற்றோடு ஒத்திசைக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. தனிநபர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனினும் ஒத்திசைவுக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றி அவற்றுக்குப் போகலாம் என்பது இந்தக் கைபேசியின் வசதி.

மொபைல் கோபுரமும் நேரத்தை அனுப்புகிறது. பைன்ஃபோனின் மோடத்தைக் கேட்டால் அது பெற்ற நேரத்தைச் சொல்லிவிடும். வலையமைப்பு அனுப்பும் நேரத்தை நான் ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறேன், கடிகாரத்தை அதன் கையில் ஒப்படைப்பதில்லை. இதை ஒரு குறையாகச் சொல்ல முடியாது.

குறையாகச் சொல்ல வேண்டியது அலாரம். இங்கே நான் கறாராகவே இருக்க விரும்புகிறேன். பேட்டரியைச் சேமிக்கப் பைன்ஃபோன் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் பிராசஸர் ஓடாது. மேசைக் கணினிக்காக எழுதப்பட்ட கடிகாரச் செயலி, தன் நேரத்தைத் தானே எண்ணிக்கொண்டிருப்பதாக நினைக்கும். கைபேசி உறங்கும்போது அந்த எண்ணிக்கையும் உறங்கிவிடும். உறங்கும் கைபேசியைக் குறித்த நேரத்தில் தானாக எழுப்பக்கூடியது வன்பொருள் கடிகாரத்தின் எச்சரிக்கை மட்டுமே. அலாரம் வைக்கும் செயலி அந்தக் கடிகாரத்திடம் முன்கூட்டியே பதிவுசெய்திருந்தால் மணி அடிக்கும்; பதிவுசெய்யாவிட்டால் காலை ஐந்து மணி அலாரம் நாம் எட்டு மணிக்குத் திரையைத் தொட்ட பிறகு அவசரமாக ஒலிக்கும். ஃபாஷுக்கு மாற்றான பிளாஸ்மா மொபைல் இடைமுகத்தின் கேகிளாக் செயலி, மின் மேலாண்மைச் சேவையின் வழியே கைபேசியை எழுப்பும்படி எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்-டியில் டைமர் ஒன்றை எழுதி, அதில் 'கணினியை எழுப்பு' என்ற விருப்பத்தை இயக்கினாலும் இதே பயன் கிடைக்கும். இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: மின்னேற்றியில் இருக்கும்போது தானாக உறங்குவதை அமைப்புகளில் அணைத்துவிட்டு, இரவு முழுவதும் மின்னேற்றியிலேயே வைத்துவிடுவது. கோயம்பேட்டில் விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும், குழந்தையைப் பள்ளி வேனுக்குத் தயார்செய்ய வேண்டியவர்களும், நம்பத்தகுந்த ஏற்பாடு ஒன்று கைவரும் வரை பக்கத்தில் ஒரு சாதாரண அலாரம் கடிகாரத்தையும் வைத்துக்கொள்வதே விவேகம்.

இனி அழைப்பொலி, அதாவது ரிங்டோன். அழைப்பவருக்குக் கேட்கும் காலர் ட்யூனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வலையமைப்பின் சொத்து. கைபேசிக்குள் ஒலிப்பது முழுக்க முழுக்க நம்முடையது.

ஃபாஷ் இடைமுகத்தில் ஒலி, அதிர்வு, விளக்கு ஆகிய மூன்றையும் ஃபீட்பேக்-டி என்ற ஒரே சேவை கவனிக்கிறது. அழைப்புச் செயலி எந்தப் பாட்டை ஒலிக்க வேண்டும் என்று சொல்வதில்லை; 'அழைப்பு வந்திருக்கிறது' என்ற நிகழ்வின் பெயரை மட்டும் அறிவிக்கும். அந்த நிகழ்வுக்கு என்ன செய்வது என்பதை ஃபீட்பேக்-டி தன் அமைப்புக் கோப்பைப் பார்த்து முடிவுசெய்யும். ஒலி என்று வந்தால், ஒலித்தொகுப்பு எனப்படும் கோப்புறையில் அதே பெயருள்ள கோப்பைத் தேடி எடுத்து, அழைப்பை ஏற்கும் வரையோ அது அறுபடும் வரையோ திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஆகவே ரிங்டோனை மாற்றுவது என்பது, 'போன்-இன்கமிங்-கால்' என்ற பெயரில் நமக்குப் பிடித்த ஒலிக்கோப்பை நம் சொந்த ஒலித்தொகுப்பில் வைப்பது, அவ்வளவுதான். வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் பகிர்வுக் கோப்புறையில் 'சவுண்ட்ஸ்' என்று ஒன்றை உருவாக்கி, அதற்குள் நம் தொகுப்பின் பெயரில் ஒரு கோப்புறையும், பட்டியல் கோப்பு ஒன்றும் வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் 'மற்றவற்றுக்கு இயல்புத் தொகுப்பையே எடுத்துக்கொள்' என்ற பொருளில் ஒரு வரி சேர்த்துவிட்டால், நாம் மாற்றாத ஒலிகள் அனைத்தும் பழையபடியே இருக்கும். பிறகு எந்தத் தொகுப்பு என்பதை ஒரு கட்டளையால் தெரிவித்துவிட்டு, கைபேசியை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

கோப்பின் வகையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இந்தத் தேடலைச் செய்யும் நூலகம் ஆக்-வோர்பிஸ், வேவ் ஆகிய இரு வகைகளை மட்டுமே தேடும். எம்பி3 கோப்பை எத்தனை ஒழுங்காகப் பெயரிட்டு வைத்தாலும் அதன் கண்ணில் படாது. அந்த நேரத்தில் அது பிழை எதையும் அறிவிக்காமல், இயல்புத் தொகுப்பிலுள்ள ஒலியையே ஒலித்துவிட்டுப் போகும். அதனால் மாற்றம் பலிக்கவில்லை என்று தெரியுமே தவிர, ஏன் பலிக்கவில்லை என்று தெரியாது. கணினியில் ஆடாசிட்டி போன்ற, ஒலியைத் திருத்தும் செயலியில் திறந்து ஆக்-வோர்பிஸ் வகையில் சேமித்தால் தீர்ந்தது. இத்தனையும் படித்துவிட்டு, ஒரு ரிங்டோன் மாற்ற இவ்வளவு பாடா என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பட்டியலில் பெயரைத் தொட்டால் ஒலி மாறிவிடும் கைபேசிகளோடு ஒப்பிட்டால், இது தேவைக்கு மீறிய வேலைதான். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால், குறுஞ்செய்திக்கும் அலாரத்துக்கும் தவறிய அழைப்புக்கும் இதே முறையில் தனித்தனி ஒலி வைத்துக்கொள்ளலாம். அதை எந்த நிறுவனமும் ஒரு புதுப்பிப்பின் பேரில் மாற்றிவிட முடியாது.

எந்த ஒலியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குச் சென்னையில் விடை கொஞ்சம் வேறு. இரண்டு செய்திகள் இதைத் தீர்மானிக்கின்றன. முதலாவது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் வகுத்த விதிப்படி, மொபைல் அழைப்பு ஏற்கப்படாவிட்டால் 30 நொடிகள் ஒலிக்கும். தரைவழித் தொலைபேசிக்கு 60 நொடிகள். இரண்டாவது, பைன்ஃபோன் உறக்கத்தில் இருக்கும்போது அழைப்பு வந்தால், மோடம் முதலில் பிராசஸரை எழுப்ப வேண்டும், அது எழுந்து இடைமுகத்தை ஓடவைத்த பிறகுதான் ஒலி தொடங்கும். இதிலேயே சில நொடிகள் போய்விடுகின்றன. எனவே மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறும் ஒலிகள் இங்கே பயன்படா. விஸ்தாரமான ஆலாபனையை ரிங்டோனாக வைத்தால், ராகம் பிடிபடுவதற்குள் அழைப்பு அறுந்துவிடும். முதல் நொடியிலேயே உச்ச ஒலியில் தொடங்கும் துண்டு வேண்டும். ஐந்தாறு நொடி நீளம் போதும், ஏனெனில் அது தானாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

ஸ்பீக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஸ்பீக்கரால் தாழ்ந்த சுருதிகளை எழுப்ப முடியாது. மனிதக் காதோ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. தவிலின் அடிநாதம் இந்தக் கைபேசியில் வெறும் தட்டலாகத் தேய்ந்துவிடுகிறது. வீணையின் மீட்டு அழகாகத் தொடங்கி உடனே கரைந்துவிடுவதால், கத்திப்பாரா மேம்பாலத்தின் அடியில் அது இருந்த இடம் தெரியவில்லை. நாதஸ்வரம் கிண்டி ரயில் நிலையத்தின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு கேட்கிறது என்பது உண்மை. ஆனால் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் அது ஒலித்தால் பெட்டி முழுவதும் அட்சதையைத் தேடித் திரும்பிப் பார்க்கிறது. நான் கடைசியில் நிலைகொண்டது பழைய தரைவழித் தொலைபேசியின் உலோக மணியில். அதன் வலிமை முழுவதும் காது கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது, ஒலித்து நின்று மீண்டும் ஒலிப்பதால் தொடர்ச்சியான வாகன இரைச்சலிலிருந்து தனித்தும் தெரிகிறது. பெரிய நிறுவனங்களின் இயல்பு ரிங்டோன்களைத் தவிர்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: அந்த ஒலி எழுந்தால் ரயிலில் பத்துப் பேர் பாக்கெட்டைத் தொடுவார்கள்.

எந்த ஒலியானாலும் ஆடாசிட்டியில் 300 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளவற்றை வடிகட்டிவிட்டு, ஒற்றைத் தடமாக்கி, ஒலியளவை உச்சத்துக்கு உயர்த்திச் சேமித்தால், அதே ஸ்பீக்கரிலிருந்து நம்ப முடியாத அளவுக்குத் தெளிவு வருகிறது. தாழ்ந்த சுருதிகளை எழுப்ப முயன்று ஸ்பீக்கர் கரகரப்பதும் நின்றுவிடும். ஸ்பீக்கர் பின்புறத்தில் இருப்பதால், மெத்தையின் மேல் மல்லாத்தி வைத்தால் ஒலி அமுங்கும்; திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பது இந்தக் கைபேசிக்கு நல்லது.

ஃபீட்பேக்-டியின் மூன்று நிலைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. முழு நிலையில் ஒலி, அதிர்வு, விளக்கு மூன்றும் இயங்கும். அடக்க நிலையில் ஒலி மட்டும் நிற்கும். மௌன நிலையில் ஒலியும் அதிர்வும் நின்று, முன்புறச் சிறு விளக்கு மட்டும் மின்னும். மேலிருந்து இழுக்கும் பட்டியலில் ஒரே தொடுதலில் மாற்றிக்கொள்ளலாம். மார்கழிக் கச்சேரிகளில் அதிர்வும் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கும் என்பதால், மௌன நிலைதான் அங்கே மரியாதை.

யார் வாங்கலாம்? ஒரே கைபேசியில் வங்கிச் செயலி, யுபிஐ, வாட்ஸ்அப் எல்லாம் ஓட வேண்டும் என்பவர்கள் இதன் பக்கம் வரவேண்டாம். வீட்டில் முதியவர்கள் இருந்து, இரவில் வரும் ஒரு அழைப்பைக்கூடத் தவறவிட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் இதை முதன்மைக் கைபேசியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸ் கற்கும் மாணவர்களுக்கும், கையிலிருக்கும் கருவி எப்படி ஓடுகிறது என்று திறந்து பார்க்கத் துடிப்பவர்களுக்கும் இரண்டாவது கைபேசியாக இது மிகப் பொருத்தம். இதன் பேட்டரி சாம்சங் கேலக்ஸி ஜே7-இன் பழைய வடிவத்துக்குரிய ஜே700 வகை என்பதால், மாற்றுப் பேட்டரிக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் அந்த வகையைக் கேட்டு வாங்கலாம். தேங்கிக் கிடந்த பழைய சரக்கா என்று பார்த்து வாங்குவது மட்டும் நம் பொறுப்பு.

வாங்கியவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது நேர வலயமும் ஒலித்தொகுப்பும் அழிந்துவிடும். வலயத்தை மீண்டும் அமைக்க ஒரு நிமிடம் போதும். ஒலித்தொகுப்பை முதலிலிருந்து உருவாக்குவது ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடும். ஆகவே அந்தக் கோப்புறையை அப்படியே மெமரி கார்டில் ஒரு படி எடுத்துவைத்துக்கொண்டு, புதிய பதிப்பு எழுந்ததும் அதே இடத்தில் திரும்ப ஒட்டிவிட்டு, இன்னொரு கைபேசியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.